சத்தம் போடாத கீபோர்டு

விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிற புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகக் கடைக்குப் போய் லேப்டாப் பார்த்தார்கள் என்று சொன்னால் ஒக்கலிபுரத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். சுனிதாவின் அக்கா காந்தாவே நம்பவில்லை. சனிக்கிழமை காலையில் தங்கை தலைக்குக் குளித்து, பச்சைச் சுடிதாரை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று பொட்டை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, "லேப்டாப் வாங்கப் போறியா, இல்ல உன்ன பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டாள். சுனிதா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பதில் சொல்லியிருந்தால் பொய்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உண்மை இதுதான். திங்கட்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் இரண்டாவது தடவையாக ஆஜராகி, இருவருக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டால் கல்யாணம் முடிந்தது. ஆறு மாதம் யோசித்துப் பாருங்கள் என்று சட்டம் கொடுத்த தவணையில் சுனிதா எதையும் யோசிக்கவில்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான். ஜெயவேலு வந்து, வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுவாள். வக்கீல் பீஸ், அக்காவின் வசவு, மானம், ரோசம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அவன் வரவில்லை, சொல்லவில்லை. மிச்சமிருந்தது இந்த ஒரு சனிக்கிழமை.

பிரிவதற்கு எழுதிய ஒப்பந்தத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவன் கையால் கெட்டுப்போன லேப்டாப்புக்குப் பதிலாக ஒரு லேப்டாப். பீரோ, பாத்திரம், கட்டில் எதுவும் அவள் வாயில் வரவில்லை. வக்கீல் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஜெயவேலு பணமாகவே தந்துவிடுவதாகச் சொன்னான். சுனிதாதான், பணம் வேண்டாம், கூட வந்து வாங்கிக் கொடுக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பணத்தை வாங்கிக்கொண்டால் காரியம் அத்தோடு போச்சு. கடைக்குப் போனால் கொஞ்ச நேரமாவது பக்கத்தில் நிற்பான், நின்றால் ஏதாவது பேசுவான். பைத்தியக்காரக் கணக்குதான். ஆனால் ஆசை என்ன கணக்குப் படித்துவிட்டா வருகிறது?

லேப்டாப் கெட்ட கதையையும் சொல்லிவிட வேண்டும். சுனிதா செய்வது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை இங்கே ஹெட்போன் மாட்டிக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்து அனுப்புகிற வேலை. அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. ஜெயவேலு அரசு பஸ் டிரைவர், எப்போதும் முதல் ஷிப்ட். கோழி கூவும் முன் டிப்போவில் நிற்க வேண்டும். மர்பி டவுனில் அவர்களுக்கு இருந்ததோ ஒரே அறை. கட்டிலில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கால்மாட்டில் ஸ்டூல்மேல் லேப்டாப்பை வைத்து அவள் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருப்பாள். இந்தச் சத்தத்தில் மனுஷன் எப்படித் தூங்குவது என்று அவன் ஒருநாள் கேட்டான், மறுநாளும் கேட்டான், பிறகு அந்த வீட்டில் குட்நைட் என்றாலே அந்தக் கேள்விதான் என்று ஆகிவிட்டது. அவள் லேப்டாப்புக்கு அடியில் துண்டை மடித்து வைத்தாள். சத்தம் எழாமல் இருக்க விரலைப் பட்டும் படாமலும் வைத்து அடிக்கப் பழகினாள். அதில் வலது சுண்டு விரல் வலிக்க ஆரம்பித்தது.

கீபோர்டு சத்தத்துக்கா ஒரு குடும்பம் பிரியும் என்று கேட்கலாம். பிரியாது. அதற்கு முன்னால் ஒரு குழந்தை. ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே நின்றுபோன பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் சுனிதா மயக்கம் தெளிந்து கேட்பதற்குள் ஜெயவேலு அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கல்பள்ளி மயானத்தில் அடக்கம் செய்துவிட்டு, தலையில் ஈரம் காயாமல் வந்து நின்றான். முகம் யார் ஜாடை என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றைக்கு மூடிய பேச்சை இருவரும் அப்புறம் திறக்கவேயில்லை.

பகல் வேலையில் இருந்தவள் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான். அவன் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பதைவிட, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனின் மூட்டு வலியை அடித்துக்கொண்டிருப்பது மேல் என்று இருந்தது. மூட்டு வலியாகவே வந்தால் சரி. நடுநடுவே பிரசவ டாக்டர்களின் பதிவும் வரும். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கவில்லை என்பதை, இன்றைக்கு மழை இல்லை என்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போவார்கள். சுனிதாவின் கை நின்றுவிடும். துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு, கட்டிலில் இருப்பவன் விழித்துவிடாமல் அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, விட்ட இடத்திலிருந்து அடிப்பாள். பாவம், தூங்கட்டும், அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவன்மேல் வெறுப்பு வராமல் காலத்தை ஓட்டினாள்.

ஒருநாள் அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவன் எழுந்து வந்து, சத்தம் சத்தம் என்று ஏதோ முனகிக்கொண்டே லேப்டாப்பை வெடுக்கென்று மூடி எடுத்தான். கை நழுவி அது பக்கத்திலிருந்த தண்ணீர் பக்கெட்டில் விழுந்தது. கீபோர்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் கூடவா சத்தம் என்று வருகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஒக்கலிபுரத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் வந்து கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். அவளே வரட்டும் என்று அவன் இருந்தான். இரண்டு பேரும் சும்மா இருந்தால் நடுவில் வக்கீல் வராமல் வேறு யார் வருவார்?

அந்தச் சனிக்கிழமை விவேக் நகர் பஸ் நிறுத்தத்தில் ஜெயவேலு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். இளைத்திருந்தான். வெள்ளைச் சட்டையில் காலர் பட்டன் பிய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் சுனிதாவின் கை கைப்பைக்குள் ஊக்கைத் தேடிப் போய், பாதியில் நின்றது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதும் தெரியவில்லை. எட்டு வருஷமாக ஏங்க என்பதுதான் அவனுக்குப் பெயர். திங்கட்கிழமைக்கு அப்புறம் அந்தப் பெயர் என்ன ஆகும்? சாப்பிட்டாயா என்று அவன் கேட்டான். ஆச்சு என்றாள். குழந்தை யேசு கோயில் பக்கம் மெழுகுவத்தி விற்கிற கடைகளைத் தாண்டி, முன்பு நடக்கிற மாதிரியே அவன் ரோட்டுப் பக்கமாகவும் அவள் உள்பக்கமாகவும் நடந்தார்கள். பழக்கம் வக்கீல் நோட்டீஸைப் படிப்பதில்லை.

கடைக்காரர் தியோடர் தங்கவயலிலிருந்து வந்து பழைய லேப்டாப் விற்றுப் பிழைப்பவர். கம்பெனிகள் கழித்துப் போடுகிற மிஷின்களை வாங்கித் துடைத்துச் சரிபார்த்து விற்பார். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு இருவரையும் பார்த்து, "வாங்க சார், வாங்கம்மா, சொல்ப உக்காருங்க," என்று கன்னடம் கலந்து சொல்லி ஒரே பெஞ்சைக் காட்டினார். சேர்ந்து வந்தால் புருஷன் பெண்டாட்டி என்று நினைப்பதில் அவர் மேல் என்ன தப்பு? இருவரும் அந்தப் பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

என்ன உபயோகம் என்று தியோடர் விசாரித்தார். ராத்திரி முழுக்க டைப் அடிக்கிற வேலை என்று சுனிதா சொன்னாள். இப்போதைக்கு நைட் டூட்டிக்கு ஆபீஸுக்கே போகிறாள், வீட்டிலிருந்து செய்வதானால் சொந்த மிஷின் வேண்டும் என்றாள். அப்படியானால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், விரலுக்கு எது பிடிக்கிறதோ அதைப் பாருங்கள் என்று அவர் நாலைந்து மிஷின்களை மேஜையில் வரிசையாக வைத்துத் திறந்தார். எல்லாவற்றிலும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு, அடித்து அடித்துப் பாருங்கள், எனக்கு அவசரம் இல்லை என்றார்.

அடித்துப் பார்க்க சுனிதாவுக்கு ஒரு வாக்கியம் உண்டு. எந்த ஆபரேஷன் ரிப்போர்ட்டும் முடிகிற இடத்தில் வருகிற வாக்கியம். நோயாளி இந்தச் சிகிச்சையை நன்றாகத் தாங்கிக்கொண்டார் என்று இங்கிலீஷில் வரும். அதை எத்தனை ஆயிரம் தடவை அடித்தாளோ, விரலுக்கு மனப்பாடம்.

முதல் லேப்டாப் வெள்ளி நிறத்தில் மெலிசாக, பார்க்க அழகாக இருந்தது. அடித்தால் விரல் உள்ளே போகவில்லை, சிமெண்டுத் தரையில் தட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டாவதில் வலது பக்கம் தனியாக எண் கட்டைகள் வைத்து அகலமாக்கி இருந்தார்கள். அதில் எழுத்துகள் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கிப் போய், உடம்பைத் திருப்பி உட்கார்ந்தால்தான் கை நேராக வந்தது. மூன்றாவது ஒரு தடித்த கறுப்பு மிஷின், ஏதோ ஆபீஸில் வருஷக்கணக்கில் உழைத்தது. கட்டைகளின் நடுவில் லேசான குழிவு இருந்தது, விரல் நுனி அதில் தானாகப் போய் உட்கார்ந்தது. சுனிதாவுக்கு மனசில் உடனே பிடித்துவிட்டது. ஆனால் அவள் அடித்த வாக்கியத்தில் பாதி எழுத்துகள் திரையில் விழவே இல்லை.

கீபோர்டு கெட்டதா என்று ஜெயவேலு கேட்டான். தியோடர் குனிந்து பார்த்தார்.

"கீபோர்டு நல்லாத்தான் இருக்குது சார். அவங்க ஏன் இப்பிடி பயந்து பயந்து அடிக்கிறாங்க? இது ஆழமான கீ மா. நல்லா அமுக்கி அடிங்க, ஒண்ணும் ஆவாது."

சுனிதாவின் முகம் சிவந்துவிட்டது. நல்லா அமுக்கி அடித்தாள். டக் டக் டக் என்று சத்தம் கடை முழுக்க எழுந்தது. எழுந்ததும் அவளை அறியாமல் விரல்கள் சுருங்கிக்கொண்டன, கண் ஜெயவேலுவின் பக்கம் போனது. பகல் வெளிச்சத்தில், பஸ் ஹாரனும் ஆட்டோவும் கத்துகிற ரோட்டோரக் கடையில், கண் விழித்து உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து, எழுப்பிவிட்டோமோ என்று பயந்தாள். சூடு கண்ட பூனை என்று சும்மாவா சொன்னார்கள்?

அவன் அந்தப் பார்வையைக் கவனித்தானோ என்னவோ, எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். இவங்களுக்கு வலது கை சுண்டு விரல் வலி இருக்கு, என்டர் கட்டை எட்டிப் பிடிக்க வேண்டிய தூரத்தில் இருக்கக் கூடாது, மணிக்கட்டு வைக்கிற இடம் கூர்மையாக இருந்தால் சிவந்துவிடும் என்று தியோடரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னான். சுண்டு விரல் வலியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் இட்லி மாவு கரைக்கும்போது அந்த விரலை மட்டும் நீட்டி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அதைப் பார்த்திருக்கிறான். இவ்வளவு பார்த்தவன் என்னை விட்டுவிடுவானா என்று நினைத்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவான், சொல்லாமல் போக மாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

ஜெயவேலு நான்காவது லேப்டாப்பை இழுத்து வைத்தான். என்ஜினுக்குக் காது கொடுப்பது போல் குனிந்து, ஒவ்வொரு கட்டையாக விரலால் அமுக்கிக் கேட்டான். ஸ்பேஸ் பாரை அங்கும் இங்கும் தட்டினான். பூனை நடந்தால் கூட அதைவிடச் சத்தம் வரும். அவன் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அவள் பக்கம் தள்ளினான். அடித்தாள். அவளுடைய பயந்த விரலுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. லேசாகத் தொட்டாலே எழுத்து விழுந்தது, துளிச் சத்தம் இல்லை. ஆனால் விரலுக்கு அடியில் எதுவும் இல்லாத மாதிரியும் இருந்தது.

"இத எடுத்துக்க சுனி," என்றான். "இதுல அடிச்சா பக்கத்துல படுத்துனு இருக்கிறவங்களுக்குக் கூட கேக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கை அந்தக் கீபோர்டு மேலேயே நின்றுவிட்டது. தியோடர் ஒரு சின்ன இருமல் இருமி, சார்ஜர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்க அறைக்குப் போனார்.

"யாரு படுத்துனு இருக்காங்க?" என்று சுனிதா கேட்டாள். குத்துவதற்காகக் கேட்கவில்லை. நான்தான் என்று அவன் சொல்ல ஒரு இடம் விட்டுக் கேட்டாள்.

ஜெயவேலு ரோட்டைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கு முன்னால் பார்த்துக்கொண்டே பேசுவதுதான் சுலபம். கடைசியில் அந்த நான்காவது லேப்டாப்பைப் பார்த்தே பேசினான்.

"சத்தத்தால நான் தூங்காம இல்ல, சுனி. சத்தம் கேட்டா தூங்கிடுவேன். நின்னாதான் முழிப்பு வந்துடும். சத்தம் நின்னா நீ அழறன்னு அர்த்தம். மறுபடி எப்ப ஆரம்பிக்கும், எப்ப ஆரம்பிக்கும்னு செவுத்தப் பாத்துனு படுத்துனு இருப்பேன். நீ அடிக்க ஆரம்பிச்சாதான் எனக்கு உயிர் வரும்."

அவள் உடம்பெல்லாம் உருகிப் போனது. இத்தனை நாள் சத்தம் சத்தம் என்று அவன் திட்டியது சத்தத்தை அல்ல, அது நின்றுபோவதை. தன் அழுகைக்கு ஒருத்தன் காது கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். மேஜைமேல் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொள்ள அவள் கை பாதி தூரம் போனது. போன கை அங்கேயே நின்றது. அவன் சொன்னதில் இன்னொன்று இருந்தது, அது கொஞ்சம் தாமதமாக அவளுக்கு வந்து சேர்ந்தது.

"தினமுமா?" என்றாள்.

"தினமும்தான்."

"நான் அழறது தினமும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றான். அதைப் பெருமையாகவே சொன்னான். நான் உன்னைக் கவனிக்காமல் இல்லை என்று காட்ட அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது.

சுனிதாவுக்கு அந்த அறை நினைவுக்கு வந்தது. ஸ்டூல், துண்டு, பக்கெட், வாயில் துப்பட்டா. தொண்டை கிழிந்துவிடும் போல வருவதை அவன் தூக்கத்துக்காக விழுங்கின ராத்திரிகள் எல்லாம் வரிசையாக வந்தன. விழித்திருக்கிறவனைத் தூங்க வைக்கவா அத்தனையும் விழுங்கினாள்? எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறான். தூங்குகிறவன் வரவில்லை என்றால் அவன் மேல் குற்றம் இல்லை. விழித்திருந்தவன் வரவில்லை என்பதை எங்கே கொண்டு போய் வைப்பது?

"ஏன் எழுந்து வரல?" என்று கேட்டாள்.

வந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றான். புள்ளையைக் குழியில் வைத்தது அவன் கை, அந்தக் கையோடு பக்கத்தில் வந்து என்ன சொல்ல முடியும் என்றான். ஒரே ஒரு தடவை எழுந்து வந்ததாகவும் சொன்னான். அன்றைக்கு வெகு நேரம் சத்தமே வரவில்லையாம். அழாதே என்று சொல்லத்தான் வந்தானாம். வாயில் சத்தம் என்று வந்துவிட்டதாம், கை லேப்டாப்பைப் பிடித்து இழுத்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து, பட்டன் பிய்ந்த காலரில் விழுந்தது. எட்டு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க ஒண்ணும் சொல்லியிருக்க வேணாம்ங்க," என்றாள் சுனிதா. "வந்து பக்கத்துல உக்காந்திருந்தா போதும்."

அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, ஆறு மாதமாக அவள் எந்த வார்த்தைக்காகச் செத்துப் பிழைத்தாளோ அந்த வார்த்தையைச் சொன்னான்.

"வூட்டுக்கு வந்துடு, சுனி."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். காலையில் சொல்லியிருந்தால், பஸ் நிறுத்தத்தில் சொல்லியிருந்தால், சுண்டு விரலைப் பற்றிச் சொன்ன நிமிஷத்தில் சொல்லியிருந்தால் கூட லேப்டாப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவன் பின்னாலேயே போயிருப்பாள். இப்போது தன் மனசுக்குள் இறங்கி அந்தப் பழைய ஆசையைத் தேடிப் பார்த்தாள். ஆசை அங்கேதான் இருந்தது. ஆனால் அதனோடு அந்தச் சுவரும் இருந்தது, சுவரைப் பார்த்துத் திறந்திருந்த கண்களும் இருந்தன. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபம் ஆறிவிடும். வந்தது கோபம் இல்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

"வேணாம்ங்க," என்றாள். "நான் வந்தா நீங்க மறுபடி முழிச்சினு படுத்துனு இருப்பீங்க. எனக்கு அது தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதுக்கு அப்புறம் வாய மூடினு என்னால அழ முடியாது."

தியோடர் சார்ஜரோடு வந்து, இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு அதை மேஜைமேல் ஓசைப்படாமல் வைத்தார். எது என்று கேட்டார். ஜெயவேலுவின் கை இன்னும் நான்காவது லேப்டாப்பின் மேலேயே இருந்தது. சுனிதா அதை மூடி, மெதுவாக அவன் கையோடு சேர்த்துத் தள்ளி வைத்தாள்.

"சத்தம் வருதே, அந்தக் கறுப்பு. அதையே குடுங்க," என்றாள்.

அவன் பணம் கொடுத்தான். பையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் அவள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தான். திங்கட்கிழமை கோர்ட்டுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். கைப்பையிலிருந்து ஊக்கை எடுத்து நீட்டினாள். வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பஸ் திரும்புகிற வரை அவன் அப்படியே நின்றுகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விடுபட்ட வேலை கொஞ்சம் இருக்கிறது என்று ஒக்கலிபுரம் வீட்டில் ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். துண்டு மடித்து வைக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விரலை நன்றாக ஊன்றி அடித்தாள். வீடு அதிர்ந்தது. சமையல்கட்டிலிருந்து காந்தா, இதென்ன வீடா பிரஸ்ஸா என்று அலுத்துக்கொண்டாள், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு முழங்கால் ஆபரேஷன், ஒரு பித்தப்பை. நோயாளி இந்தச் சிகிச்சையை நன்றாகத் தாங்கிக்கொண்டார். சுண்டு விரல் வலிக்கவில்லை. நல்ல கீபோர்டுதான்.

மூன்றாவது பதிவில் ஒரு டாக்டரம்மா பேசினாள். தாய்க்கு முப்பத்திரண்டு வயது, கர்ப்பம் ஏழாவது மாதம் என்று ஆரம்பித்தாள். அடுத்து வரப்போவது சுனிதாவுக்குத் தெரியும். வந்தது. அவள் விரல்கள் கட்டைகளின் குழிவில் அப்படியே நின்றன. கண் பழக்கத்தில் கட்டிலைத் தேடியது, அங்கே அக்காவின் துவைத்த துணிகள்தான் குவிந்து கிடந்தன. கை பழக்கத்தில் துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோனது. அதைக் கடித்துக்கொள்வதற்குள் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்து, ஹெட்போனைக் கழற்றினாள்.

காந்தா நின்றுகொண்டிருந்தாள். புளி கரைத்துக்கொண்டிருந்த கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடி, சத்தம் நின்னுடுச்சே. இன்னா ஆச்சு?"

அவ்வளவுதான். அதற்கு மேல் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, இத்தனை சின்ன விஷயம் அது. சுனிதா வாய்வரை போன துப்பட்டாவை விட்டுவிட்டு, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி ஓவென்று அழுதாள். காந்தா புளிக் கையைத் துடைக்காமலே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.